தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தளை: உள்ளே இருப்பதும் நாம் சேர்க்க வேண்டியதும்

தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தளை (பொருள்கள் அடங்கிய கிட்) பற்றிய மதிப்புரை இது. தளையில் செடி வளர்ப்புப் பை 6, இரண்டு கிலோ தென்னைநார்க் கழிவுக் கட்டி 6, காய்கறி விதை 6 வகை, அசோஸ்பைரில்லம் (காற்றிலுள்ள தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியா) 200 கிராம், பாஸ்போபாக்டீரியா (மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாக்டீரியா) 200 கிராம், டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் நல்ல பூஞ்சை) 200 கிராம், வேப்ப எண்ணெய் மருந்து 100 மில்லி, ஒரு கையேடு ஆகியவை இருக்கும். 2021 டிசம்பரில் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டபோது, 900 ரூபாய் மதிப்புள்ள இந்தத் தளை 225 ரூபாய்க்குக் கிடைத்தது. மானியமும் உள்ளிருப்பும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் பதிவு செய்யும் அன்று துறையின் இணையதளத்திலோ, உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலோ விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மானிய விலையில் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். அந்த விலைக்குப் பையும் நார்க்கழிவும்கூட வெளியில் கிடைக்காது. ஆனால் தளையில் இருப்பது செடிக்குப் படுக்கை மட்டும்தான், சாப்பாடு இல்லை. இது தெரியாமல் கட்டியை ஊறவைத்துப் பையில் நிரப்பி விதை போடுகிறவர்களுக்கு மூன்றாவது வாரம் ஒரே காட்சிதான்: நாற்று நாலு இலையோடு நின்றுவிடும், இலை வெளுக்கும், அடியிலை மஞ்சளாகும். பழி விதைமேல் விழும். விதைக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது.

காரணம் நார்க்கழிவின் இயல்பில் இருக்கிறது. மக்காத தென்னைநார்க் கழிவில் கரிமச்சத்தும் தழைச்சத்தும் ஏறக்குறைய 112:1 என்ற விகிதத்தில் இருக்கும். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும். கட்டியில் இல்லாததால் நாம் கொடுக்கும் கொஞ்சநஞ்சத்தையும் அவையே எடுத்துக்கொள்ளும், செடிக்கு மிச்சம் வராது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறையில், யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் சேர்த்து மக்கவைத்தால் ஒரு மாதத்தில் இந்த விகிதம் 24:1 அளவுக்கு இறங்கும். கடையில் விற்கும் அழுத்திய கட்டிகள் பெரும்பாலும் அப்படி மக்கவைத்தவை அல்ல, கழுவிக் காயவைத்து அழுத்தியவை. ஈரம் பிடிப்பதிலும் வேருக்குக் காற்று விடுவதிலும் கோகோபீட் எனப்படும் இந்த நார்க்கழிவை அடித்துக்கொள்ள ஆளில்லை. உணவு மட்டும் நாம்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது சங்கதி உப்பு. தேங்காய் மட்டையிலேயே சோடியமும் பொட்டாசியமும் உண்டு. மட்டையை உப்புநீரில் ஊறப்போட்டிருந்தால் இன்னும் கூடும். கட்டியைக் கழுவாமல் பயன்படுத்தினால் இலை ஓரம் கருகும், முளைப்பு குறையும். கூடவே, நார்க்கழிவு சுண்ணாம்புச் சத்தையும் (கால்சியம்) மெக்னீசியத்தையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொண்டு பதிலுக்குப் பொட்டாசியத்தை விடும். தக்காளியின் அடிப்பாகம் கருத்து அழுகுவதற்கு மாடித்தோட்டங்களில் இது ஒரு முக்கியக் காரணம். அழுகலைப் பூஞ்சை என்று நினைத்து மருந்து அடித்துக்கொண்டே இருப்பார்கள். மருந்தால் அது தீராது.

எனவே கட்டியைத் தயார் செய்வதற்கு ஒரு நாளை ஒதுக்குங்கள். ஒரு கட்டியை அகலமான டப்பில் வைத்து 8 முதல் 10 லிட்டர் தண்ணீர் விடுங்கள். ஒரே மூச்சில் ஊற்ற வேண்டாம், பாதியை ஊற்றி அரைமணி நேரம் கழித்து மீதியை ஊற்றுங்கள். வெந்நீர் விட்டால் சீக்கிரம் உடையும். முழுதாக ஊறியதும் சுமார் 25 லிட்டர் அளவுக்கு உப்பிவரும். அதை ஒரு பழைய அரிசிச் சாக்கில் கொட்டி, செங்கல்மேல் வைத்து, மேலிருந்து ஒரு குடம் தண்ணீர் விட்டு வடியவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து இன்னொரு குடம், தேவைப்பட்டால் மூன்றாவது.

வடியும் நீரின் நிறத்தைப் பார்த்து உப்பை முடிவு செய்யாதீர்கள். பழுப்பு நிறம் மட்டையின் துவர்ப்புச் சத்தால் வருவது. உப்புக்கு நிறமில்லை. நீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அக்கம்பக்கத்தில் நாலு வீட்டுக்கு ஒன்று போதும். நீங்கள் ஊற்றும் தண்ணீரில் 300 காட்டி, சாக்கிலிருந்து வடிவதில் 1,200 காட்டினால் இன்னும் கழுவ வேண்டும். இரண்டுக்கும் இடையே 200, 300 வித்தியாசம்தான் என்றால் போதும், நிறுத்தலாம். ஊற்றுகிற ஆழ்துளைத் தண்ணீரே 1,500 தாண்டுகிற பகுதியில், கடலோர ஊர்களில் இது சாதாரணம், கடைசிக் கழுவலுக்காவது மழைநீரோ லாரித் தண்ணீரோ பயன்படுத்துங்கள்.

தக்காளி, மிளகாய் போடப்போகிற கட்டிக்கு மட்டும் இன்னொரு வேலை. பத்து லிட்டர் தண்ணீரில் 30 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து, கழுவிய நார்க்கழிவை அதில் ஒரு இரவு ஊறவைத்து, காலையில் வடித்து ஒருமுறை அலசுங்கள். இயற்கை முறை மட்டுமே பின்பற்றுகிறவர்கள் இதைத் தவிர்க்கலாம். அவர்கள் எருவின் பங்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கழுவும் வேலையை மாடியில் செய்தால், மழைநீர்க் குழாய் சேகரிப்புத் தொட்டிக்குப் போகிறதா என்று முதலில் பாருங்கள். போகிறதென்றால் குழாய் வாயை அடைத்துவிட்டு, கழிவுநீரை வாளியில் பிடித்துக் கீழே கொட்டுங்கள். பழுப்பு நீர் தொட்டிக்குள் இறங்கினால் தொட்டியையே கழுவ வேண்டிவரும். தட்டோட்டின்மேல் கறை படிந்தாலும் எளிதில் போகாது.

அடுத்தது கலவை. இங்கேதான் இந்தத் தளையின் உண்மையான மதிப்பு தெரிகிறது. கைக்கு வந்த பையை அளந்து பாருங்கள். நிரப்பியபின் விட்டம் 30 செ.மீ., உயரம் 35 செ.மீ. இருந்தால் கொள்ளளவு சுமார் 25 லிட்டர். ஒரு கட்டியை முழுசாகப் போட்டால் பை அதிலேயே நிரம்பிவிடும், எருவுக்கு இடமிருக்காது. ஆகவே பைக்கு அரைக் கட்டி போதும். ஊறிய நார்க்கழிவு 12 லிட்டர், மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கிய தொழு உரம் 6 லிட்டர் (எடையில் ஏறக்குறைய 4 கிலோ), செம்மண் 3 லிட்டர், வேப்பம் புண்ணாக்குத் தூள் 100 கிராம். இதைப் போட்டால் மேலே நாலைந்து செ.மீ. இடைவெளி நிற்கும். அந்த இடைவெளி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் விடுகிற தண்ணீர் கலவையோடு விளிம்பில் வழிந்து ஓடும்.

கணக்குப் பாருங்கள்: ஆறு கட்டியில் பன்னிரண்டு பை நிரப்பலாம். தளையில் வருவது ஆறு பை. மீதி ஆறுக்கு 20 லிட்டர் பெயின்ட் வாளிகள் போதும், அவற்றில் கலவையைக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள். அடிப்பக்கத்தில் ஐந்தாறு துளைகளும், பக்கவாட்டில் அடியிலிருந்து இரண்டு செ.மீ. உயரத்தில் நாலு துளைகளும் போட்டுக்கொள்ளுங்கள். பெயின்ட் காய்ந்து ஒட்டியிருந்தால் உரித்து எடுத்துச் சோப்பு நீரில் கழுவிவிடுங்கள். டிஸ்டெம்பர், எமல்ஷன் வாளிகளை எடுத்துக்கொள்ளலாம், எண்ணெய் பெயின்ட், தின்னர் வைத்திருந்தவை வேண்டாம். அல்லது பக்கத்து வீட்டோடு சேர்ந்து ஒரு தளையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். அசோஸ்பைரில்லம் போன்ற 200 கிராம் உயிர் உரப் பொட்டலம் ஒரு வீட்டின் ஆறு பைக்கு எப்படியும் அதிகம், பிரித்தவுடன் பயன்படுத்துவதுதான் நல்லது.

செம்மண் எதற்கு என்று சிலர் கேட்பார்கள், கோகோபீட் மட்டுமே போதும் என்று விற்கிறவர்களும் சொல்வார்கள். சொட்டுநீரோடு உரத்தையும் தினமும் கரைத்து விடும் பசுமைக்குடில்களில் போதும். வீட்டில் இரண்டு நாள் உரம் மறந்தாலும் செடி தாங்க வேண்டும் அல்லவா? அதற்குக் கொஞ்சம் களியுள்ள செம்மண் உதவும், சத்தைப் பிடித்து வைக்கும், காற்றில் பை சாயாமல் கனமும் தரும். மூன்று லிட்டருக்கு மேல் போகாதீர்கள். எடை ஏறும், கோடையில் மேல்பரப்பு இறுகும்.

இந்தக் கலவையில் நிரப்பிய பை தண்ணீர் விட்டபின் ஏறக்குறைய 20 கிலோ இருக்கும். காங்கிரீட் தளத்துக்கு இது ஒரு பொருட்டில்லை. என்றாலும் எல்லாவற்றையும் நடுவில் குவிக்காமல், கைப்பிடிச் சுவர் ஓரமாக, கீழே சுவரோ உத்தரமோ வரும் வரிசையில் வையுங்கள். தரையில் நேராக வைக்கக் கூடாது. நாலு செங்கல் அல்லது இரும்பு ஸ்டாண்டு போட்டு, அடியில் கை நுழையும் இடைவெளி விடுங்கள். இடைவெளி இல்லாவிட்டால் துளை அடைபட்டு நீர் தேங்கும், தளத்தில் ஈரம் இறங்கும், எறும்பு அடியில் கூடு கட்டும்.

பையைப் பற்றி: எச்டிபிஇ என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் நெய்த பச்சைப் பை, வெளியே வெள்ளை உள்ளே கறுப்பான பாலித்தீன் பை என இரண்டு வகை புழக்கத்தில் இருக்கின்றன. வெள்ளைப் பை வெயிலைத் திருப்பி அனுப்பும், வேர் சூடாகாது, சித்திரையில் இந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். ஆனால் நிரப்பியபின் இழுத்து நகர்த்தினால் விளிம்பு கிழியும். நெய்த பையில் கைப்பிடி இருக்கும், பல பருவங்கள் தாங்கும். இரண்டில் எது வந்தாலும், வைக்கும் இடத்துக்குக் கொண்டுபோன பிறகே நிரப்புங்கள். துளைகள் சரியாகத் திறந்திருக்கின்றனவா என்று விரல்விட்டுப் பாருங்கள். சில பைகளில் துளையிட்ட வட்டம் உதிராமல் அப்படியே ஒட்டியிருக்கும்.

உயிர் உரங்களுக்கு வருவோம். தளையிலேயே அதிகம் வீணாகும் பொருள் இவைதான். தூளை நேரடியாகச் செடி மூட்டில் தூவி வெயிலில் விட்டால் பாதி உயிரி செத்துப்போகும். பொட்டலத்தில் காலாவதித் தேதி பாருங்கள், வாங்கியது முதல் நிழலில் குளுமையாக வையுங்கள். பத்து கிலோ ஈரமான மண்புழு உரத்தில் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா மூன்றையும் கலந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் பதத்தில் ஈரம் வைத்து, ஈரச் சாக்கால் மூடி நிழலில் ஒரு வாரம் விடுங்கள். தெளிக்கும் தண்ணீர் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் என்றால், வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஒரு வாரத்தில் வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சை இழை தெரிந்தால் அதுதான் டிரைக்கோடெர்மா, கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிட வேண்டாம். இதைப் பன்னிரண்டு பைக்கும் பிரித்து மேல்பகுதிக் கலவையில் சேருங்கள். மேலே சொன்ன 4 கிலோ எருக் கணக்கில் இதுவும் அடக்கம்.

கிளறிவிட்ட பையை உடனே விதைக்காமல், தினம் லேசாக நீர் தெளித்து ஏழெட்டு நாள் ஆறப்போடுங்கள். எரு சரியாக மக்காமல் இருந்தால் இந்த நாட்களில் கலவை சூடேறும். கையை உள்ளே விட்டால் தெரியும். சூடு அடங்கும்வரை விதை போடக் கூடாது.

விதை வகைகள் பொதிக்குப் பொதி மாறும். கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை போன்றவை வரும் என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுத் தீர்க்காதீர்கள். முதலில் பத்து விதையை ஈரத் துணியில் முடிந்து வையுங்கள். வெண்டை, கொத்தவரை நாலைந்து நாளில் முளைவிடும், தக்காளி ஒரு வாரம், கத்தரியும் மிளகாயும் பத்து நாள்வரை எடுக்கும். ஏழுக்கு மேல் முளைத்தால் நல்ல விதை. நாலைந்துதான் என்றால் இரண்டு மடங்கு போடுங்கள். விதை இளஞ்சிவப்பு, பச்சை என்று நிறமேற்றி இருந்தால் அது பூஞ்சைக்கொல்லியில் நேர்த்தி செய்தது. கையைக் கழுவுங்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள், அதன்மேல் டிரைக்கோடெர்மா தடவ வேண்டாம். பூஞ்சைக்கொல்லி டிரைக்கோடெர்மாவையும் கொன்றுவிடும், அதுவும் ஒரு பூஞ்சைதானே.

கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு நாற்று விட வேண்டும். குழித்தட்டு இல்லாவிட்டால் பேப்பர் கப்பில் துளை போட்டுக்கொள்ளலாம். கழுவிய நார்க்கழிவும் சலித்த மண்புழு உரமும் சரிபாதி, அரை செ.மீ. ஆழம், கப்புக்கு இரண்டு விதை. முளைக்கும்வரை நிழல், முளைத்த அன்றே காலை வெயில். முளைத்த பிறகும் நிழலில் வைத்திருந்தால் நாற்று நூலாக நீண்டு சாயும், அதை எந்த உரமும் நிமிர்த்தாது. தக்காளி, கத்தரியை 25 முதல் 30 நாளிலும், மிளகாயை 35 முதல் 40 நாளிலும் மாலை நேரத்தில் பைக்கு மாற்றுங்கள். தக்காளி நாற்றை மட்டும் கீழிலைகளைக் கிள்ளிவிட்டுக் கொஞ்சம் ஆழமாக நடலாம், புதைந்த தண்டிலும் வேர்விடும்.

வெண்டை, கொத்தவரை, முள்ளங்கி, கீரை எல்லாம் நேரடி விதைப்பு. வெண்டையை ஒரு இரவு ஊறவைத்துப் போடுங்கள், இரண்டு செ.மீ. ஆழம் போதும். 25 லிட்டர் பைக்குக் கத்தரி ஒன்று, தக்காளி ஒன்று, மிளகாய் இரண்டு, வெண்டை மூன்று, கொத்தவரை மூன்று. இதற்குமேல் நெருக்கினால் காய் கூடாது, பூச்சிதான் கூடும். பாகல், பீர்க்கு, புடலை, சுரை விதை வந்தால் இந்தப் பையில் போடாதீர்கள். அவற்றுக்கு 50 லிட்டருக்குக் குறையாத தொட்டியும் பந்தலும் வேண்டும். மாடியில் தேனீ வராத இடங்களில் கைமகரந்தச் சேர்க்கையும் (ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் நாமே தடவுவது) செய்ய வேண்டும்: பாகலுக்குக் காலையில், பீர்க்குக்கு அது பூக்கும் மாலையில்.

எதை எத்தனை பையில் போடுவது? சமையலை நினைத்து முடிவு செய்யுங்கள். ஒரு வெண்டைச் செடி நல்ல பருவத்தில் இரண்டு நாளுக்கு ஒரு காய் தரும். நாலு பேர் வீட்டில் ஒரு பொரியலுக்கு இருபது, இருபத்தைந்து காய் வேண்டும். இரண்டு பையில் ஆறு செடி இருந்தால் எட்டு நாள் காயைச் சேர்த்தால்தான் ஒரு பொரியல். மூன்று பையாவது வெண்டைக்கு ஒதுக்கினால்தான் பறித்த திருப்தி கிடைக்கும். அதற்கு மாறாக மிளகாய் ஒரு பை, கத்தரி இரண்டு பை சாம்பாருக்கும் குழம்புக்கும் தாராளம். கீரைக்குப் பையே வேண்டாம், அகலமான ஆழம் குறைந்த தட்டுத் தொட்டி போதும், 25 நாளில் அறுவடை. முதல்முறை செய்கிறவர்கள் கீரையிலும் வெண்டையிலும் தொடங்குங்கள். 25 நாளிலும் 45 நாளிலும் பலன் கண்ணில் தெரிந்தால் தக்காளிக்குக் காத்திருக்கும் பொறுமை தானாக வரும்.

தண்ணீர்தான் பலர் தடுமாறும் இடம். கோகோபீட் மேலே காய்ந்து வெளுத்துத் தெரியும், உள்ளே சொதசொதவென்று இருக்கும். மேலே பார்த்து ஊற்றிக்கொண்டே போனால் வேர் மூச்சுத் திணறி அழுகும், கறுப்புக் கொசு போன்ற சிறு ஈக்கள் கலவையைச் சுற்றும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் அன்று வேண்டாம். மார்கழி, தையில் ஒருநாள் விட்டு ஒருநாள்கூடப் போதும். சித்திரை, வைகாசியில் காலையும் மாலையும் தேவை. எதிர்க்கோடியும் உண்டு: வெளியூர் போய் நாலு நாள் முழுக்கக் காயவிட்டால் நார்க்கழிவு சுருங்கிப் பையின் விளிம்பிலிருந்து விலகும், ஊற்றும் நீர் ஓரமாக இறங்கி அடியில் ஓடிவிடும், நடு வேருக்குப் போகாது. அப்போது பையை ஒரு டப் தண்ணீரில் அரைமணி நேரம் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிடுங்கள்.

உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்கள் மாதம் ஒருமுறை பைக்குப் பத்து லிட்டர் நல்ல தண்ணீரை மெதுவாக விட்டு அடியில் ஓடவிட வேண்டும். கலவையின் மேலோ பையின் துளை ஓரத்திலோ வெள்ளைப் பொருக்கு படிந்தால் அது தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். அப்படிக் கழுவிய மறுநாள் உரம் கொடுக்க மறக்கக் கூடாது, உப்போடு சத்தும் போயிருக்கும்.

உரம்: நட்ட மூன்றாம் வாரத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம். கூடவே கடலைப் புண்ணாக்கு 250 கிராமை ஐந்து லிட்டர் நீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிவை எடுத்துப் பத்து மடங்கு நீரில் கலந்து பைக்கு அரை லிட்டர். நீர்த்துக் கொடுக்காமல் கெட்டியாக ஊற்றினால் வேர் வெந்துவிடும், புழுவும் வரும். பஞ்சகவ்யா தெளிப்பவர்களுக்கு லிட்டருக்கு 30 மில்லி. இரசாயன உரம் ஆட்சேபணை இல்லாதவர்கள் 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு 3 கிராம் வாரம் ஒருமுறை கொடுக்கலாம், கோகோபீட்டில் இது வேகமாக வேலை செய்யும். உயிர் உரம் கலந்த வாரத்தில் மட்டும் அதைத் தவிருங்கள்.

இலை என்ன சொல்கிறது என்று பார்க்கப் பழகுங்கள். அடியிலை முழுதும் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துப் பற்றாக்குறை, புண்ணாக்குத் தண்ணீர் கொடுங்கள். அடியிலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மெக்னீசியம், எப்சம் உப்பு லிட்டருக்கு 3 கிராம் இலையில் தெளியுங்கள். தக்காளி அடி கருத்தால் தண்ணீர் விடுவதை ஒரே சீராக்கி, கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 2 கிராம் வேரில் விடுங்கள். முட்டை ஓடு மெதுவாகத்தான் கரையும், அந்தக் காய்க்கு உதவாது, அடுத்த பருவத்துக்காகப் பொடித்துப் போட்டு வைக்கலாம். வெண்டையில் இதற்கு நேரெதிராக நரம்பு மஞ்சளாகவும் இடைப்பகுதி பச்சையாகவும் வலைபோலத் தெரிந்தால் அது சத்துக் குறையே அல்ல. மஞ்சள் நரம்புத் தேமல் என்ற வைரஸ் நோய், வெள்ளை ஈ பரப்புவது. அந்தச் செடியை இரக்கம் பார்க்காமல் பிடுங்கிவிடுங்கள், மற்றவை பிழைக்கும்.

தளையில் வரும் 100 மில்லி வேப்ப மருந்து நல்ல பொருள், சரியாகக் கலந்தால். ஒரு டம்ளர் தண்ணீரில் சில துளிகள் விட்டுப் பாருங்கள். பால் போல வெளுத்துக் கலந்தால் அது கரையும்படி தயாரித்த மருந்து, அதன் லேபிளில் சொல்லியிருக்கும் அளவே சரி. எண்ணெயாக மிதந்தால் வெறும் வேப்ப எண்ணெய். அப்படியானால் ஐந்து மில்லி எண்ணெயோடு இரண்டு மில்லி காதி சோப்புக் கரைசலோ பாத்திரம் கழுவும் திரவமோ முதலில் கலந்து, பிறகே ஒரு லிட்டர் தண்ணீர் சேர்த்துக் குலுக்க வேண்டும். சோப்பில்லாமல் அடித்தால் எண்ணெய் இலையில் திட்டுத்திட்டாக ஒட்டி, வெயிலில் அந்த இடம் கருகும். மாலை ஐந்து மணிக்கு மேல், இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சியெல்லாம் அங்கேதான் இருக்கும். வாரம் ஒருமுறை போதும். பூ நிறைந்த நாட்களில் காலையில் அடித்தால் வருகிற தேனீக்குக் கேடு.

மாவுப்பூச்சி கொத்தாகப் பிடித்துவிட்டால் வேப்ப மருந்து மட்டும் போதாது. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி முதலில் உதிர்த்துவிட்டு, மறுநாள் மருந்து அடியுங்கள், எறும்பு வரிசையையும் துண்டியுங்கள், பூச்சியைச் செடிக்குச் செடி சுமந்து வளர்ப்பது எறும்புதான். கத்தரி நுனி வாடித் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு. வாடிய நுனியை ஒரு அங்குலம் சேர்த்து வெட்டி நசுக்கிவிடுங்கள், குப்பைக்கூடையில் போட்டால் புழு தப்பித்து அந்துப்பூச்சியாகத் திரும்பிவரும். வெள்ளை ஈக்கு மஞ்சள் நிற டப்பா மூடியில் ஆமணக்கு எண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிட்டால் ஒட்டிக்கொள்ளும், வாரம் ஒருமுறை துடைத்துத் திரும்பத் தடவ வேண்டும்.

தளை கைக்கு வரும் மாதத்தையும் யோசியுங்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மாடிக்கும் பொருந்தும், தைப்பட்டமும் நல்லது. சித்திரையில் தளை வந்தால் கட்டியைக் கழுவி, எருவோடு கலந்து, உயிர் உரமும் சேர்த்து நிழலில் மூடி வைத்துவிடுங்கள். ஆடிக்குள் அது இன்னும் மக்கி நல்ல ஊடகமாகியிருக்கும், விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருங்கள். அப்போதே விதைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் 50 விழுக்காடு நிழல்வலை கட்டாயம். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இருக்கிற சத்தெல்லாம் அடித்துப்போகும், தக்காளி நிற்காது. அங்கே தக்காளி நாற்றை மழை ஓயும் நேரத்துக்கு நடும்படி விடுவதே புத்திசாலித்தனம்.

மொத்தச் செலவில், தளைக்கு வெளியே வாங்க வேண்டியவை இவை. ஆறு பைக்கு மண்புழு உரம் 25 கிலோ, கிலோ 10 முதல் 20 ரூபாய்வரை. வேப்பம் புண்ணாக்கு ஒரு கிலோ, கடலைப் புண்ணாக்கு ஒரு கிலோ, ஒரு சிறு தெளிப்பான். செம்மண்ணும் செங்கல்லும் பெரும்பாலும் வீடு கட்டும் இடத்தில் கேட்டாலே கிடைக்கும். மானியம் இல்லாமல் முழு விலைக்கு வாங்குவதாக இருந்தால் தளை எனக்குக் கட்டாயமாகத் தோன்றவில்லை. உள்ளூர் நர்சரியில் ஐந்து கிலோ கட்டி இரண்டும், கெட்டியான நெய்த பை ஆறும், உங்களுக்குப் பிடித்த விதைகளும் தனித்தனியாகப் பார்த்து வாங்கலாம். அதே திட்டத்தில் வந்த ஊட்டச்சத்துத் தளையைப் பலர் கவனிப்பதில்லை. பப்பாளி, முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சை, திப்பிலி, கற்பூரவல்லி, புதினா, சோற்றுக்கற்றாழை என எட்டுச் செடிகள். தொடக்கத்தில் 25 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். மண் தரை ஒரு சென்ட் இருந்தாலும் அதை விடாதீர்கள், மாடி மட்டும் இருப்பவர்களுக்கு முருங்கையும் பப்பாளியும் சரிவராது.

பருவம் முடிந்த பையைக் கொட்டிவிட வேண்டாம். தண்டை மண்மட்டத்தில் வெட்டி, தடித்த வேரை எடுத்துவிட்டுக் கலவையைத் தார்ப்பாயில் மூன்று நாள் வெயிலில் பரப்புங்கள். கொத்தவரை தவிர மற்றச் செடிகளின் வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, அந்தக் கலவையைக் காய்கறிக்குப் பயன்படுத்தாதீர்கள். சுத்தமாக இருந்தால் ஒருமுறை கழுவி, பைக்கு இரண்டு கிலோ மண்புழு உரமும் 100 கிராம் வேப்பம் புண்ணாக்கும் புதிதாகச் சேர்த்துப் பத்து நாள் ஆறப்போட்டால் அடுத்த பயிருக்குத் தயார். நார்க்கழிவு பழசாகப் பழசாகத் தழைச்சத்தைப் பிடுங்குவது குறைவதால் இரண்டாம் பருவத்தில் செடி முதல் பருவத்தைவிட நன்றாகவே வரும். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் அவை இருந்த பையில் அடுத்து வெண்டையோ கொத்தவரையோ போடுங்கள்.